முப்பத்திரண்டு இழுப்பு

கொம்புச்சந்தை வாழைத்தார் ஏலக்கடைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, சந்தைக்கு வந்தவர்களும் சந்தையிலேயே கிடப்பவர்களுமாக இருநூற்றுப் பதினாலு பேர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, செங்கச்சூளை முதலாளி பொன்னுத்துரை தன்னுடைய வெள்ளைக் காரை மாடக்கண்ணு மேல் ஏற்றினார். ஒரு தடவை முன்னால் விட்டார். ரிவர்ஸ் போட்டு ஒரு தடவை பின்னால் எடுத்தார். இன்னும் உயிர் கிடக்கிறதோ என்று சந்தேகம் வந்திருக்கும் போல, மறுபடியும் ஒரு தடவை முன்னால் விட்டார். இதற்கு மாடக்கண்ணு செய்த குற்றம் என்ன தெரியுமா? ரெண்டு தோளிலும் தாரைச் சுமந்துகொண்டு வந்தவன், வழியை அடைத்து நின்ற காரின் கண்ணாடியை முழங்கையால் தட்டி, "மொதலாளி, வண்டியக் கொஞ்சம் ஓரமா எடுங்க, லோடு எறக்கணும்" என்று சொன்னதுதான். அட, அதையும் மரியாதையாகத்தானே சொன்னான்!

சாவிக்கார ஆவுடையப்பனின் பெட்டிக்கடை அந்த இடத்துக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில். கார் வயரிங், பூட்டு, சாவி எல்லாம் பார்ப்பார். வயரின் தோலை உரிக்கக் கட்டிங் பிளையர் என்று ஒரு சாமான் உலகத்தில் இருப்பதை அவர் ஒத்துக்கொண்டதே இல்லை. முன்பல்லுக்கு நடுவில் வயரைக் கொடுத்து ஒரு கடி, ஒரு இழுப்பு, செம்பு பளிச்சென்று வெளியே வந்துவிடும். நாற்பத்தெட்டு வயசில் முப்பத்திரண்டு பல்லும் முழுசாக இருந்தது சந்தையிலேயே அவர் ஒருவருக்குத்தான், அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அன்றைக்கும் ஒரு சிவப்பு வயர் வாயில் இருந்தது. முதல் தடவை கார் ஏறி மாடக்கண்ணுவின் இடுப்பெலும்பு முறிந்த சத்தம் கேட்டபோது அவர் கடித்த கடியில் வயர் ரெண்டு துண்டாகிக் கீழே விழுந்தது. எல்லாரையும்விட நன்றாகப் பார்த்தவர் அவர்தான்.

பொன்னுத்துரை எஞ்சினை அணைத்தார். சாவியை உருவப் பார்த்தார். வரவில்லை. ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வேட்டியில் தெறித்திருந்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, "ஏல ஆவுடை, சாவி மாட்டிக்கிட்டு. வந்து என்னான்னு பாரு" என்று கூப்பிட்டார்.

ஆவுடையப்பன் போனார். ஒரு மனுசன் சக்கரத்துக்கு அடியில் கிடக்கிறான், இடது கால் இன்னும் உதறிக்கொண்டிருக்கிறது, இவர் பையை எடுத்துக்கொண்டு சாவி பார்க்கப் போனார். வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு காரியம் நடக்குமா? கொம்புச்சந்தையில் நடக்கும். முதலாளி கூப்பிட்டால் முதலில் கால் போகும், அறிவு பின்னால் நடந்து வரும், அது அந்த ஊர் மண்ணின் வாகு.

மாட்டிக்கொண்ட சாவிக்கு ஆவுடையப்பனிடம் ஒரே ஒரு வேதம்தான் உண்டு: இழுக்கிறவன் முட்டாள். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இறுகி நின்றால் உள்ளே இருக்கும் பூட்டின் மேல் பாரம் ஏறிவிடும், பாரம் இறங்காமல் சாவியை விடாது. ஆகவே ஸ்டியரிங்கைப் பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி, சாவியை ஒரு நெல் அளவுக்கு உள்ளே தள்ளி, திருப்பினால் தானாக வரும். வராவிட்டால் பென்சில் கரியைச் சுரண்டித் தூவலாம். அவர் ஆட்டினார், தள்ளினார், திருப்பினார், தூவினார். சாவி வெளியேயும் வரவில்லை, ஸ்டார்ட்டுக்கும் திரும்பவில்லை, அசையவே இல்லை. அதற்குள் மாடக்கண்ணுவின் கால் அசைவதை நிறுத்திவிட்டது.

மாடக்கண்ணுவின் பெண்டாட்டி குருவம்மாள் லோடு ஆட்டோ ஓட்டுகிறவள். அவள் ஓட்ட, அவன் சுமக்க, அப்படித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. முதல் லோடோடு அவனை இறக்கிவிட்டு ரெண்டாம் லோடுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தவள் கால்மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தாள். தாரோடு தாராக நசுங்கிக் கிடந்தவனை அவளேதான் இழுத்து வெளியே எடுத்தாள், ஒரு கை உதவிக்கு வரவில்லை. மடியில் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்து, "யாரு? யாரு? சொல்லுங்களேன்யா, யாரு?" என்று கேட்டாள். சந்தை மொத்தமும் தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இன்ஸ்பெக்டர் வந்தார். வரிசையாகக் கேட்டார். அப்போது தும்மல் வந்துவிட்டது என்றார் மிளகாய் வற்றல் வியாபாரி. வேட்டி அவிழ்ந்துவிட்டது, கட்டிக்கொண்டிருந்தேன் என்றார் ஏலக்காரர். டீ மாஸ்டர் இளங்காமணி பால் பொங்கியது என்றார். வெற்றிலைக்கடை சிதம்பரக்கனி கண்ணில் சுண்ணாம்பு பட்டுவிட்டது என்றார். கருவாட்டுக்காரம்மா, மாட்டுத் தரகர்கள், நாட்டுமருந்துக் கடைக்காரர், இருநூற்றுப் பதினாலு பேருக்கும் அந்த ஒரு நிமிசத்தில் மட்டும் கண்ணுக்கு வேறு வேலை இருந்தது. "நான் குனிஞ்சு வயரு உரிச்சுக்கிட்டு இருந்தேன் சார். ஒண்ணும் பாக்கல" என்றார் ஆவுடையப்பன். அடையாளம் தெரியாத வாகனம் மோதியதாக இன்ஸ்பெக்டர் எழுதினார், எழுதும்போது தாளுக்கு அட்டை வேண்டுமே என்று அந்த வாகனத்தின் பானெட் மேலேயே வைத்து எழுதினார்.

எழுதி முடித்துவிட்டு, "இந்தக் காரு நடுவுல நிக்குது பாரு. சாவிய எடுத்து ஒதுக்குங்கப்பா" என்றார். இன்ஸ்பெக்டர் பார்க்கிறாரே என்ற பதற்றத்தில் ஆவுடையப்பன் தன் வேதத்தை மறந்து சாவியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். சாவி வரவில்லை. அவருடைய கீழ்வரிசை முன்பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் சந்தை முழுக்க எல்லாரும் வாயில் கை வைத்திருக்கிறார்கள். இளங்காமணியின் பல் பால் சட்டியில் விழுந்து மிதந்தது, ஏலக்காரருடையது ஏலச் சீட்டில் விழுந்தது, கருவாட்டுக்காரம்மாவுடையது நெத்திலியோடு கலந்து அப்புறம் தேடியும் கிடைக்கவில்லை. இருநூற்றுப் பதினாலு வாய், இருநூற்றுப் பதினாலு பல். ரத்தத்தைத் துப்பித் துப்பிச் சந்தைத் தரை வெற்றிலைக்காரன் சுவர் மாதிரி ஆகிவிட்டது.

தற்செயலாக இருக்கும் என்று இன்னொருத்தர் இழுத்துப் பார்த்தார். இன்னொரு பல். டிராக்டரில் கயிறு கட்டிச் சாவியை இழுத்தார்கள். கயிறு அறுந்து ஒரு ஆளின் காதைக் கொண்டுபோனது, பல்லும் போனது. ரம்பம் வைத்து அறுத்துப் பார்த்தார்கள், கீறல்கூட விழவில்லை. அதுவும் இழுப்புக் கணக்கில்தான் சேர்ந்தது. சாயங்காலத்துக்குள் ஊர் விவரத்தைப் பிடித்துவிட்டது: பார்க்கவில்லை என்று சொன்னவனுக்குத்தான் பல் விழுகிறது. குருவம்மாளுக்கு விழவில்லை, அவள் அங்கே இல்லை. ஆவுடையப்பனின் பெண்டாட்டி செண்பகவடிவுக்கு விழவில்லை, அவள் வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். பொன்னுத்துரைக்கும் விழவில்லை, அவரிடம்தான் யாரும் ஒன்றும் கேட்கவில்லையே!

இதைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். கொம்புச்சந்தைக்காரர்கள் ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு ஊரில் தண்ணி உப்பு, ஒரு ஊரில் யானைக்கால், எங்கள் ஊரில் பல் விழுகிறது, அவ்வளவுதான் என்று அடுத்த வேலையைப் பார்த்தார்கள். முறுக்குக்கடை பணியாரக்கடை ஆனது. பட்டாணி வறுத்தவர் சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் கூழ் கரைத்தார். ஆட்டுக்கறியைக் குழைய வேகவைத்துக் கரண்டியால் நசுக்கிச் சாப்பிட்டார்கள், எலும்பை யாரும் கடிக்காததால் சந்தை நாய்கள் கன்றுக்குட்டி அளவுக்குக் கொழுத்தன. பக்கத்து ஊரிலிருந்து ஒருத்தர் வந்து பல்செட் கடை போட்டார். சாவியை இழுத்தால் செட்டிலிருந்தும் பல் உதிர்ந்ததைப் பார்த்துவிட்டு ரெண்டே வாரத்தில் கடையைக் காலி செய்தார். பெண் பார்க்க வந்த இடத்தில், "மாப்பிள்ளை அன்னைக்குச் சந்தைக்குப் போயிருந்தாரா?" என்பது முதல் கேள்வியானது. போகாதவர்கள் காரணமில்லாமலே சிரித்துக்கொண்டு திரிந்தார்கள். காருக்கு மேல் கீற்றுப் பந்தல் போட்டாயிற்று. யாரோ ஒரு புண்ணியவதி பானெட்டில் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். எல்லாம் செய்தார்கள், ஐயா. "நான் பாத்தேன்" என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாம் செய்தார்கள்.

அந்தச் சொல்லைச் சொல்ல ஒருத்தர் போனார். அஞ்சாம் இழுப்புக்கு அப்புறம், வெற்றிலைக்கடை சிதம்பரக்கனி ஸ்டேசனுக்குப் போய், கண்ணில் சுண்ணாம்பு படவில்லை, பார்த்தேன், பொன்னுத்துரைதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குச் சாயங்காலம் ஆறாவது இழுப்பு நடந்தபோது அவருக்கு மட்டும் பல் விழவில்லை, அதைக் கடைத்தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தார் மனுசன். மூணாம் நாள் செங்கச்சூளைப் பள்ளத்தில் கிடந்தார். தாடை ரெண்டாகப் பிளந்து, வாய் நிறையச் செங்கல் மண் திணித்து, மண்ணைச் சுத்தியலால் அடித்து இறுக்கியிருந்தது. தவறி விழுந்ததாக இன்ஸ்பெக்டர் எழுதினார். குளிப்பாட்டியவர்கள் மண்ணைத் தோண்டி எடுத்தபோது மிச்சமிருந்த பல் எல்லாம் ஆடாமல் அசையாமல் இருந்ததாம். பேசினால் பல் நிலைக்கும், ஆள் நிலைக்க மாட்டான் என்று ஊர் மூணே நாளில் ரெண்டு பாடமும் படித்தது.

பொன்னுத்துரையும் படித்தார். சாவி அவருக்கு இனிமேல் எதற்கு? வேறு கார் வாங்கிவிட்டார். ஆனால் அந்தச் சாவியை இழுப்பதற்கென்றே சந்தைக்கு வந்தார். டீயில் சர்க்கரை கம்மி என்றால் ஒரு இழுப்பு. சூளைக்கு ஆள் வரவில்லை என்றால் ஒரு இழுப்பு. எதிரே வந்தவன் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை என்றால் ஒரு இழுப்பு. சந்தைக்காரர்கள் தாம்பாளத்தில் பழம் வைத்துக்கொண்டு போய், "மொதலாளி, பொங்கல் கழியிற வரைக்கும் கை வைக்காண்டாம், பிள்ளைகளோட உக்காந்து ஒரு கணு கரும்பு கடிச்சுக்கிடுதோம்" என்று கேட்டுக்கொண்டார்கள். அவரும் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கொண்டார். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் காலையில் வந்து, விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் நாலு தடவை இழுத்தார். கரும்புச் சக்கையும் பல்லுமாகத் தெருவைக் கூட்டி அள்ளினார்கள்.

ஆவுடையப்பனுக்கு முன்வரிசை மேலும் கீழும் காலி. வயர் உரிக்க வழியில்லை, பிளையரைப் பிடித்தால் கை கூசியது. செண்பகவடிவு பேசாமல் கடைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் நீட்டுகிற வயரை எல்லாம் தன் பல்லால் உரித்துக் கொடுத்தாள். ஒருநாள் அவர், "ஏ வடிவு, ஸ்டேசனுக்குப் போயிட்டு வந்துரட்டா?" என்று கேட்டார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வாயிலிருந்த வயரைத் துப்பினாள். "இந்தா பாருங்க. பல்லு போனா கஞ்சி குடிச்சுக்கிடலாம். நீங்க போனா நான் எதைக் குடிக்க? மருந்தையா? பேசாம கெடங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவரும் பேசாமல் கிடந்தார்.

குருவம்மாள் மட்டும் செவ்வாய்க்கிழமை தவறாமல் லோடு ஆட்டோவைக் காருக்கு முன்னால் நிறுத்திவிட்டு, கடை கடையாக ஏறி, "நீங்க பாத்தியளா? நீங்க பாத்தியளா?" என்று கேட்டாள். கேட்டுக் கேட்டு அது மோர்க்காரி கூவுகிற குரல் மாதிரி சந்தைச் சத்தத்தில் ஒன்றாகிவிட்டது. ஆவுடையப்பன் கடைக்கு வரும்போது மட்டும் அவர் சாவிக் கொத்துக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

இருபதாம் இழுப்பு முடிந்த மறு செவ்வாய் அவள் கேள்வி கேட்க வரவில்லை. "அண்ணாச்சி, என் வண்டியிலயும் சாவி மாட்டிக்கிட்டு. கொஞ்சம் பாருங்க" என்று வந்து நின்றாள்.

போய்ப் பார்த்தார். நிசமாகவே மாட்டியிருந்தது. தேய்ந்துபோன சாவி. வண்டியின் கைப்பிடியை மெல்ல அசைத்தார், பென்சில் கரி தூவினார், நெல் அளவு உள்ளே தள்ளினார், திருப்பினார். சாவி கையோடு வந்தது. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க இழுக்கவே இல்லையே அண்ணாச்சி."

"இழுத்தா வராது தாயி. உள்ள பாரம் நிக்கும். பாரம் எறங்குனாத்தான் விடும்."

"அப்ப அந்த வண்டியில என்ன பாரம் நிக்குது?"

ஆவுடையப்பன் தேய்ந்த சாவியை அவளிடம் நீட்டினார். குருவம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யாரு கொன்னான்னு நான் இனிமே கேக்கப்போறதில்ல. அது தெரியாத குருடு இந்த ஊர்ல யாரு? கடைசியா அவுக ஏதாச்சும் பேசுனாவளா? அது ஒண்ணை மட்டும் சொல்லுங்க. நீங்கதான் கிட்டத்துல நின்னிய" என்றாள்.

அன்றைக்கு நடந்ததில் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தது, இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். காருக்குள் தலையை விட்டு ஆவுடையப்பன் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கீழே கிடந்த மாடக்கண்ணு அவருடைய கரண்டைக்காலைப் பிடித்தான். கையில் இன்னும் பலம் இருந்தது. பலமாகத்தான் பிடித்தான்.

"குருவு வந்துருவா, லோடு கெடக்கு, வண்டிய எடுக்கச் சொல்லுங்க அண்ணாச்சின்னு சொன்னான்" என்றார் ஆவுடையப்பன். "என் கால பிடிச்சுக்கிட்டுச் சொன்னான். நான் கால உதறிட்டேன் தாயி. உதறிட்டுச் சாவிய ஆட்டுனேன்." தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். குருவம்மாள் அவரைத் தூக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "லோடு கெடக்குன்னாவளா?" என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் வண்டியில் ஏறி உட்கார்ந்து ரெண்டு கையாலும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஆவுடையப்பன் எழுந்து நேராக ஸ்டேசனுக்கு நடந்தார். கடையைத் தாண்டும்போது செண்பகவடிவு பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்ததும் கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை. "நான் வயரு உரிச்சது நெசம். பாத்ததும் நெசம்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும், தன் காலை உதறினது உட்பட, சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

ஆவுடையப்பன் சந்தைக்குத் திரும்புவதற்கு முன்னாலேயே பொன்னுத்துரை ரெண்டு ஆளோடு வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் இரும்புக் கம்பி. முதல் அடி வலது முழங்காலில். சில்லு பெயர்ந்து ஆவுடையப்பன் விழுந்தார். ரெண்டாம் அடி வலது கையில், சாவி பிடிக்கிற கையில். மூணாம் அடி இடது முழங்காலில். அடிக்கிறவரின் கைக்கு அலுப்பு வந்துவிட்டதாலோ என்னவோ, கம்பியை ஆளிடம் கொடுத்துவிட்டுச் சந்தையைப் பார்த்துத் திரும்பினார். "ஒருத்தன் வாயத் தொறந்தா இன்னொருத்தன் தொறப்பான். இன்னையோட எவன் வாயிலயும் ஒண்ணும் இருக்கப்படாது" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறி உட்கார்ந்து சாவியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். இழுத்தார், இழுத்தார், மூச்சு வாங்க இழுத்தார், வேர்த்து ஒழுக இழுத்தார், ஒவ்வொரு இழுப்புக்கும் சந்தை முழுக்க ஆவென்று ஒரு சத்தம், ஒவ்வொரு வாயிலும் ஒரு பல், இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு, இருபத்தஞ்சு, முப்பது, ஈறு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்து சட்டை நனைந்து தரைக்கு இறங்க, கடைசியில் முப்பத்திரண்டாம் இழுப்பில் யார் வாயிலிருந்தும் ஒன்றும் விழவில்லை. விழ ஒன்றும் இல்லை. கீழே கிடந்த ஆவுடையப்பனின் கடைவாயில் மட்டும் பன்னிரண்டு பல் கல்லு மாதிரி இருந்தது.

 இளங்காமணி நாக்கை விட்டு வாய் முழுக்கத் துழாவிப் பார்த்தார். துழாவிவிட்டுச் சிரித்தார். "தீந்துட்டுடே. இனிமே இந்தப் பய எதைப் பிடுங்குவான்?" என்றார்.

பய என்றார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் ஊர் காத்துக்கிடந்தது போல. தார் வெட்டுகிற அரிவாளை ஏலக்காரர் எடுத்தார். மூட்டைக் கொக்கியைச் சுமைக்காரர்கள் எடுத்தார்கள். கருவாட்டுக்காரம்மா அஞ்சு கிலோப் படிக்கல்லைத் தூக்கினாள். கூட வந்த ரெண்டு ஆளும் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். காரிலிருந்து பொன்னுத்துரையைக் கொக்கி போட்டு இழுத்தார்கள், தோளில் மாட்டிய கொக்கி மார்பு வரைக்கும் கிழித்துக்கொண்டு வந்தது. படிக்கல் அவர் கால் விரலில் தொடங்கி மேலே வந்தது. தங்கக்காப்புப் போட்ட கையை ஏலக்காரர் ஏலப் பலகையில் வைத்து வெட்டினார். பொன்னுத்துரை ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார், இளங்காமணி, ஏ சொள்ளமுத்து, ஏ வேலாண்டி என்று. அத்தனை பேருடைய பேரும் அவருக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. அது யார் கையையும் நிறுத்தவில்லை. இழுத்துக்கொண்டு போய்க் காருக்கு முன்னால் போட்டுவிட்டு விலகி நின்றார்கள்.

குருவம்மாள் லோடு ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தாள். கார் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள், இத்தனை மாசமாக நின்ற வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. முன்னால் விட்டாள். பின்னால் எடுத்தாள். முன்னால் விட்டாள். அவள் முகத்தில் கோபமோ அழுகையோ எதுவும் இல்லை, லோடு ஏற்றிய வண்டியைச் சந்துக்குள் திருப்புகிற கவனம்தான் இருந்தது. பத்தடி தூரத்தில் கிடந்த ஆவுடையப்பன் கண்ணை மூடவில்லை. அடி நின்றதுமே கடை ஸ்டூலிலிருந்து இறங்கி ஓடிவந்து அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்ட செண்பகவடிவும் மூடவில்லை. குருவம்மாள் எஞ்சினை அணைத்து இறங்கியதும், "நீ கெளம்பு தாயி. தோட்டத்துல லோடு கெடக்கும்" என்று கூட்டம் வழி விட்டது. அவள் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வரிசையாகக் கேட்டார். யாரும் தும்மல் என்று சொல்லவில்லை, வேட்டி என்று சொல்லவில்லை. பொக்கைவாயால் எல்லாரும் ஒரே பதில்: "பாக்கல சார்."

இன்ஸ்பெக்டர் ஒன்றும் மடையர் இல்லை. ஊரின் விவகாரம் அவருக்கும் தெரியும். சாவியை இழுத்தால் பொய் சொன்னவன் பல் விழும், அதை வைத்தே பிடித்துவிடலாம் என்று வாய் வாயாகத் திறந்து காட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். இருநூற்றுச் சொச்சம் வாயில் ஒரு பல் இல்லை. டார்ச்சை அணைத்துவிட்டு அவர் திரும்பியபோது பல்லுள்ள வாய் ரெண்டுதான் மிச்சம்.

"நீ என்னம்மா பாத்த?"

"நான் வயரு உரிச்சுக்கிட்டு இருந்தேன் சார்" என்றாள் செண்பகவடிவு. "பாக்கல."

இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பனுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். குரலை இறக்கினார். "நீ காலையிலதான் உண்மைய எழுதிக் குடுத்துருக்க. இந்த ஊருலேயே நெஞ்சுல ஈரம் உள்ளவன் நீ ஒருத்தன்தான். இப்பவும் சொல்லு. ஓட்டுனது அந்த லோடு ஆட்டோக்காரிதான?"

ஆவுடையப்பனுக்கு மாடக்கண்ணுவின் விரல்கள் கரண்டைக்காலில் இருந்தன, அன்றைக்குப் போலவே பலமாக.

"நான் பாக்கல சார்."

"அப்படியா? எந்திரி. அந்தச் சாவிய இழு. பாப்போம்."

எழுந்திருக்கக் கால் இல்லை. ரெண்டு கான்ஸ்டபிள்கள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிக் கொண்டுபோய்க் கார் சீட்டில் சாய்த்தார்கள். வலது கை தொங்கியது, இடது கையால் சாவியைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு செண்பகவடிவைப் பார்த்தார். போகிறது அவருடையது மட்டும் இல்லை; அவளுக்கு முப்பது பல் இருந்தது, கல்யாணத்தன்று சிரித்ததும் அந்தப் பல்லால்தான், ஏழு மாசமாக அவருக்குச் சோறு போட்டதும் அந்தப் பல்தான். அவள் அவரைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உதட்டை இறுக மூடி, சரி என்று தலையை ஆட்டினாள்.

இழுத்தார். கடைவாய்ப் பல் ஒன்று நாக்கில் விழுந்தது. ரத்தத்தோடு சேர்த்து விழுங்கினார். அங்கே செண்பகவடிவின் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

இன்ஸ்பெக்டர் அவர் வாயையும் அவள் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். 

"வரல சார்" என்றார் ஆவுடையப்பன், உதட்டை அதிகம் பிரிக்காமல். "இன்னும் இழுக்கட்டுமா?"